மேல்பல்

தான் நம்பாத ஒன்றுக்காக ஒரு மனிதன் எதுவரை வளைந்துகொடுக்கலாம்? பாண்டிராஜ் இப்படியெல்லாம் கேள்வி கேட்டுக்கொள்கிற ஆள் இல்லை. அருப்புக்கோட்டையில், திருச்சுழி போகிற ரோட்டில், எரிந்துபோன தண்ணீர் மோட்டார்களுக்குச் செம்புக்கம்பிக் காயில் கட்டித் தருகிற கடை வைத்திருக்கிறான். கடையில் சாமி படம் உண்டு. காலையில் பத்தி கொளுத்துவதும் உண்டு. கேட்டால், "வார்னிஷ் நாத்தத்துக்குப் பத்தி வாசம் தேவல" என்பான். அப்படிப்பட்டவனைத்தான், மகள் சுவாதி பிறந்ததிலிருந்து அந்தக் கேள்வி சுற்றிச் சுற்றி வந்தது.

சொல்லப்போனால், அவன் பிறந்த அன்றே அது வந்துவிட்டது. தொப்புள்கொடி கழுத்தில் சுற்றியிருந்தது. கொடி சுற்றிப் பிறந்த பிள்ளை தாய்மாமனுக்கு ஆகாது என்பது அந்தப் பக்கத்துப் பேச்சு. அவனுடைய தாய்மாமன் மொக்கையன் பரளச்சியிலிருந்து வந்தார். நேராகப் பார்க்கக் கூடாது என்று, கிண்ணத்து எண்ணெயில் தெரிந்த பிள்ளை முகத்தை ஓரக்கண்ணால் பார்த்தார். அப்படியே பஸ் ஏறிவிட்டார். காதுகுத்துக்கும் மடி கொடுக்கவில்லை. ஆசாரி தன் மரப்பெட்டி மேலேயே பிள்ளையை உட்காரவைத்துக் குத்தினாராம். அதன் பிறகு பள்ளிக்கூடத்தில், கல்யாண வீட்டில், இழவு வீட்டில் என்று எங்கே போனாலும் "மாமனுக்கு ஆகாதவன் வந்துட்டான்" என்று யாராவது சொல்லிச் சிரிப்பார்கள். அவனும் சேர்ந்து சிரிப்பான். மொக்கையனோ எழுபதைத் தாண்டியும், வெயிலோடு வெயிலாக எக்ஸெல் வண்டியில் அலைந்துகொண்டு, கறிச்சோறு போடுகிற எந்த வீட்டையும் விடாமல் நன்றாகவே இருந்தார்.

சுவாதி வளர வளர, இரண்டு வீட்டு வழக்கங்களும் போட்டி போட்டுக்கொண்டு வந்தன. பிள்ளை குப்புற விழுந்தால் தேங்காய் உடைக்க வேண்டும் என்றது பாண்டிராஜ் வீடு. நிலைப்படி தாண்டினால் கொழுக்கட்டை அவித்துத் தெருவுக்கே கொடுக்க வேண்டும் என்றது அவன் மனைவி சத்யபிரியாவின் வீடு. குப்புற விழுந்த அன்று அவன் கடையில் இருந்தான். சத்யா வீடியோ அனுப்பியிருந்தாள். தோட்டத்து மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்திருந்த சம்சாரி ஒருவரும் அவனும் தலையோடு தலை ஒட்டி நின்று பார்த்தார்கள்.

"பிள்ள கை அடியில மாட்டிக்கிருச்சு பாருங்க" என்று பதறினார் சம்சாரி.

"உருவிருவா, உருவிருவா."

கை வெளியே வந்ததும் இருவரும் போட்ட கூச்சலில் பக்கத்து டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே விட்டார்கள்.

எல்லாப் பிள்ளையும் குப்புற விழத்தான் செய்யும். உலகம் தோன்றிய நாளிலிருந்து விழுந்துகொண்டுதான் இருக்கின்றன. ஆனாலும் இதுதான் முதல்முறை என்று அன்றைக்கு அவனுக்குத் தோன்றியது. பெற்றவர்களுக்கு வருகிற இந்தப் பைத்தியம் ஒவ்வொரு வீட்டுக்கும் உண்டென்று தெரிந்துதான் முன்னவர்கள் அதற்கு ஒரு தேங்காயும் கொழுக்கட்டையும் ஒதுக்கிவைத்தார்களோ என்று யோசித்தான். தேங்காயை அவனே உடைத்தான்.

நிலைப்படி தாண்டியது அதைவிட வேடிக்கை. பிள்ளை தானாகத் தாண்ட வேண்டும், யாரும் கை கொடுக்கக் கூடாது. சுவாதி வயிற்றைப் படிமேல் வைத்துக்கொண்டு, முன்னும் போகாமல் பின்னும் போகாமல், தராசு மாதிரி ஆடிக்கொண்டே இருந்தாள். சத்யாவின் அம்மா ஈஸ்வரி அடுப்படியிலிருந்து குரல் கொடுத்தாள். "ஏட்டி, கொழுக்கட்ட ஆறுதுடி. இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ, ஏதாவது ஒரு பக்கம் விழுந்து தொல!" பிள்ளை விழுந்தது. நம்பிக்கை இல்லாமல் தின்றாலும் கொழுக்கட்டை இனிக்கத்தான் செய்தது.

இதுவரை வளைந்ததில் பாண்டிராஜுக்கு ஒரு வலியும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மடியில் கிடந்த பிள்ளை அவன் விரலைப் பிடித்துக் கடித்தது. சுருக்கென்றது. உதட்டை விலக்கிப் பார்த்தான். அரிசி முனை போல ஒரு பல், மேல் ஈறில். கீழே வழவழவென்று ஒன்றும் இல்லை.

அவனுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு நின்றுபோனது. மேல்பல் முதலில் முளைத்தால் அதுவும் தாய்மாமனுக்கு ஆகாதாம். சத்யாவுக்கு ஒரே தம்பி, சதீஸ்குமார். குட்டியானை வண்டி ஓட்டுகிறான். வீரசோழனிலிருந்து கொத்தமல்லி மூட்டை ஏற்றிப் போகும்போதும் வரும்போதும் அக்கா வீட்டு வாசலில் ஹாரன் அடித்து, பிள்ளையைப் பார்க்காமல் போக மாட்டான். அடுத்த மாதம் குலசாமி கோயிலில் அவன் மடியில் வைத்துத்தான் சுவாதிக்குக் காதுகுத்து. விஷயம் வெளியே வந்தால் அந்த மடி போய்விடும். தான் இத்தனை வருசம் சிரித்துச் சுமந்த பெயரை இவளும் சுமக்க வேண்டும்.

பாண்டிராஜ் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது பிள்ளைக்குக் கிச்சுகிச்சு மூட்ட வந்தால் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். சில நாள் கழித்துத்தான் ஒன்றைக் கவனித்தான். சத்யாவும் அதையே செய்துகொண்டிருந்தாள்.

"பிள்ள வாயில எதுக்குத் துண்டப் போட்டு மூடுற?"

"நீங்க ஏன் ஆளு வந்தாப் பிள்ளையத் தூக்கிட்டு ஓடுறீக?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"ஒனக்கு எப்பத் தெரியும்?"

"பால் குடிக்கையில கடிச்சுட்டா. ஒங்களுக்கு?"

"வெரலு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கீழ்ப்பல் வருகிறவரை பிள்ளையைச் சிரிக்க விடாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவாயிற்று. தினமும் காலையில் செல்போன் வெளிச்சம் அடித்து ஈறைப் பார்த்தார்கள். ரஸ்க்கு கொடுத்தார்கள், கேரட்டைக் கடிக்கக் கொடுத்தார்கள். சிரிக்கக் கூடாது என்று யாரும் சொல்லித்தராததால் சுவாதி மின்விசிறியைப் பார்த்துச் சிரித்தாள், பல்லியைப் பார்த்துச் சிரித்தாள், கதவைத் திறந்தால் சிரித்தாள்.

சதீஸ்குமார் வந்த அன்று சத்யா துண்டை எடுக்குமுன்பே அவன் பிள்ளையை வாரி எடுத்து, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிட்டு ஆட்டினான். சுவாதி வீடே அதிரச் சிரித்தாள். ஆட்டம் நின்றது.

"மச்சான்... இது என்ன, மேலயா?"

"பிள்ளைய இறக்கி விட்டுட்டுப் பேசுடா" என்றாள் சத்யா.

சூடான சட்டியை இறக்குவதுபோல இறக்கினான். லோடு நிற்கிறது என்றான். போட்டுவைத்த டீ அப்படியே இருந்தது. அதற்குப் பிறகு அந்த வாசலில் ஹாரன் சத்தம் கேட்கவில்லை. ஈஸ்வரியிடமிருந்து போன் வந்தது.

"காதுகுத்து அன்னைக்கு அவனுக்குத் தூத்துக்குடி லோடாம் மாப்ளே. வேற யாரு மடியிலயாவது..."

"அடுத்த மாசம் ஏத்தப்போற லோடு இப்பவே தெரிஞ்சிருச்சா அத்த?"

ஈஸ்வரி போனை வைத்துவிட்டாள்.

தன் தாய்மாமனுக்குக் காதுகுத்தை நேரில் போய்ச் சொல்ல வேண்டும் என்பதால், பாண்டிராஜ் வெற்றிலை பாக்கோடு பரளச்சிக்குப் போனான். மொக்கையன் வேப்பமரத்தடியில் வண்டியைச் சாய்த்துப் போட்டு சக்கரத்துக்குப் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அவனை நேராகப் பார்க்காமல், தோளுக்குப் பக்கத்தில் பார்த்துப் பேசுவது அவர் வழக்கம்.

"மாமா, நல்லாத்தான இருக்கீக? அந்தக் கொடி ஒங்கள என்ன செஞ்சுச்சு?"

"அட கூறுகெட்டவனே, ஒன்னயத் தூக்காததுனாலதான்டா நல்லாருக்கேன்."

இந்த வாதத்தை உடைக்க வழியில்லை. அவர் செத்திருந்தால் சொன்னது பலித்தது என்றிருப்பார்கள். சாகாததால் சொன்னபடி நடந்துகொண்டார் என்கிறார்கள். தோற்கவே முடியாதபடி கட்டிய கட்டு. திரும்பி வரும் வழியெல்லாம் பாண்டிராஜ் வண்டியில் தனியாகச் சிரித்துக்கொண்டு வந்தான். ஆனாலும் அந்தச் சிரிப்பு அவனுக்கே அவ்வளவாகப் பிடிக்கவில்லை.

காதுகுத்துக்குச் சில நாள் இருக்கும்போது கீழே இரண்டு பல் ஒன்றாக வந்தன. அன்றைக்கே ஈஸ்வரி வந்து சேர்ந்தாள். வந்தவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"இப்ப மேலயும் இருக்கு, கீழயும் இருக்கு. எது முந்துனதுன்னு யாரு கண்டா? கீழ்ப்பல்லுதான் முதல்லன்னு கோயில்ல நாலு பேரு முன்னாடி ஒரு வார்த்த சொல்லிருங்க மாப்ளே. ஒங்க வாயில பொய் வராதுன்னு ஊருக்கே தெரியும். நீங்க சொன்னா அவன் நம்பிருவான்."

"அவன்தான் கண்ணால பாத்துட்டானே அத்த."

"பிள்ளையத் தலகீழாத்தான பிடிச்சிருந்தான்? தலகீழாப் பிடிச்சா எது மேல, எது கீழ?"

சத்யா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கஞ்சி தரையெல்லாம் கொட்டியது. பாண்டிராஜும் சிரித்தான்.

யாருக்கும் கெடுதல் இல்லாத பொய் அது. தான் பொய் சொல்ல மாட்டேன் என்பதற்காக ஒரு பிள்ளை மாமன் மடியை இழக்கலாமா? சதீஸ் பயந்தவன் என்றாலும் பிரியமில்லாதவன் இல்லையே. அவனுக்கும் ஒரு வழி வேண்டும். இன்னொரு பக்கம், மறைக்கிறோம் என்றாலே அந்தப் பல்லில் மறைக்க ஏதோ இருக்கிறது என்று தானும் ஒப்புக்கொண்டதாகிவிடும். இரண்டையும் எடைபோட்டுப் பார்த்தான். மடிதான் கனத்தது.

"சரி அத்த, சொல்லிர்றேன்" என்றான்.

குலசாமி கோயில் கருவேலங்காட்டுக்கு நடுவே இருந்தது. தூத்துக்குடி லோடு எப்படியோ ரத்தாகிவிட்டது. சதீஸ்குமார் குட்டியானையில் சீர்த்தட்டுகளை ஏற்றிக்கொண்டு, கொட்டுமேளத்தோடு வந்து இறங்கினான். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் மேலே பெல்ட் போட்டிருந்தான். சுவாதிக்கு மொட்டை முடிந்து, சந்தனம் பூசிய தலையோடு அவள் கொட்டுக்காரரைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தாள். ஆசாரி கம்பியைத் துடைத்து வைத்தார். சதீஸ் ஜமுக்காளத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

அப்போதுதான் கறி வேகிற பக்கம் நாற்காலி போட்டிருந்த மொக்கையன் குரல் கொடுத்தார். "ஏப்பா பாண்டி, ஊருக்குள்ள ஒரு மாதிரி பேசிக்கிடுறாய்ங்க. எந்தப் பல்லுப்பா முதல்ல வந்துச்சு?"

கொட்டு நின்றது. ஈஸ்வரி கண்ணை விரித்து மருமகனைப் பார்த்தாள். சத்யா தரையைப் பார்த்தாள். சதீஸ் வேட்டி நுனியைச் சுருட்டிக்கொண்டே, "சொல்லுங்க மச்சான்" என்றான். எந்தப் பதில் வேண்டுமென்று அந்தக் குரலிலேயே இருந்தது.

மொக்கையன் அப்போதும் அவன் தோளுக்குப் பக்கத்தில்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பாண்டிராஜ் பிள்ளையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினான்.

"மேல்பல்லுதான் மாமா" என்றான், எல்லோருக்கும் கேட்கும்படி. பிறகு குனிந்து பிள்ளையை மைத்துனனிடம் நீட்டினான்.

"அய்யய்யோ மாப்ளே!" என்றாள் ஈஸ்வரி.

சதீஸின் கைகள் முழங்கால் மேலேயே இருந்தன. ஆனால் அவனைக் கண்டால் எப்போதும் செய்வதுபோல சுவாதி பாதி தூரத்திலேயே எட்டிப் பாய்ந்துவிட்டாள். விழுந்துவிடுவாளென்று அவன் பிடித்தான். பிடித்தவன் விடவில்லை. அவள் அவன் மீசையைப் பற்றி இழுத்தாள். சதீஸ் மீசையை விடுவித்துக்கொண்டு ஆசாரி பக்கம் திரும்பினான்.

"ஆசாரியாரே, பாத்துக் குத்துங்க. பிள்ளைக்கு வலிச்சுச்சு, அப்புறம் இந்தப் பல்லு ஒங்களுக்கும் ஆகாது, சொல்லிட்டேன்."

கூட்டம் சிரித்தது. சுவாதி வீரிட்டு அழுதாள். திறந்த வாயில் பற்கள் மூன்றும் எல்லோருக்கும் தெரிந்தன. சதீஸ் அவளை மார்போடு சேர்த்துக்கொண்டு, தானும் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

சொல்லிர்றேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு ஏன் மாற்றிச் சொன்னீர்கள் என்று ஈஸ்வரி அன்றைக்கே கேட்டாள். சதீஸ் ஒருவேளை எழுந்து போயிருந்தால் என்ன செய்திருப்பீர்கள் என்று சத்யா பிறகு பல தடவை கேட்டுவிட்டாள். அன்றைக்கு ஈஸ்வரி கேட்டபோது பாண்டிராஜ், முதல் பந்திக்கு இலை போட்டாயிற்றா என்று விசாரித்துக்கொண்டே தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.