மூன்றாவது கேசட்

செய்தி வந்தபோது மாலை நாலே கால். நுஸைபா பூத்தின் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, டேப்ரெக்கார்டரை மடியில் வைத்துக்கொண்டு, அலெக்சாண்டரின் உடலை ஊருக்கு அனுப்பிக்கொண்டிருந்தாள்.

மன்னார்குடி பேருந்து நிலையத்துக்குப் பின்தெருவில் எஸ்.டி.டி. பூத் நடத்துகிறவள் அவள். கணவன் சைபுல்லா சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டினான். போன் கையருகிலேயே இருந்தும் அவனோடு பேசுவது வெள்ளிக்கிழமை மூன்று நிமிடம்தான். மிச்சமெல்லாம் கேசட். கூத்தாநல்லூரில் யாராவது தம்மாமுக்குப் பயணம் புறப்பட்டால் நார்த்தங்காய் ஊறுகாயோடு ஒரு கேசட்டும் போகும். மத்தியானம் மூன்றிலிருந்து ஐந்து வரை கூட்டம் இருக்காது. தெரு இரைச்சல் நுழையாத இடம் அந்தக் கூண்டு ஒன்றே.

கேசட்டின் முதல் பக்கம் வீட்டு விஷயம். இரண்டாவது பக்கம் ராஜாக்கள். பத்தாவதோடு நின்றுவிட்ட சைபுல்லாவுக்கு வரலாறு என்றால் உயிர். அவளை அஞ்சல் வழியில் எம்.ஏ. சேரச் சொன்னவனே அவன்தான். "நீ படி, எனக்குச் சொல்லு" என்பது பேச்சு.

பாடப் புத்தகத்தில் முப்பது வரியில் முடிந்துவிடும் ஒரு பத்தாண்டு: கி.மு. 323இல் பாபிலோனில் அலெக்சாண்டர் சாகிறான். தளபதிகள் பங்குக்கு அடித்துக்கொள்கிறார்கள். நுஸைபா அந்தப் பத்தாண்டை, ஒவ்வொரு வருடக் கதைக்கும் ஒரு கேசட்டாகப் பிரித்தாள். முதல் கேசட்டைக் கேட்டுவிட்டு அவனிடமிருந்து பதில் கேசட் வந்தது: "பத்து வருசத்தையும் பத்து கேசட்டுல முடி புள்ள. பத்தாவதுக்கு நானே லீவுல வந்து எதுத்தாப்ல உக்காந்துடுறேன்."

கிரேக்கப் பெயர்கள் அவன் மனதில் நிற்க அவள் ஊர்க்காரர்களைத் துணைக்கு இழுத்தாள். தகப்பன் போனபின் தம்பிகளோடு கோர்ட்டுக்கு அலையும் அரிசி மில் பஞ்சநதம்தான் அவளுடைய தலைமைத் தளபதி பெர்டிக்காஸ். "செத்தவரு மோதிரம் இவரு வெரல்ல இருக்கு மச்சான். ஆனா ஒரு பய பேச்சு கேக்க மாட்டேங்குறான்." சிங்கப்பூரிலிருக்கும் மகனோடு பேச வருகிற வைரக்கண்ணு, லைன் கிடைக்கும்வரை வெளியே ஸ்டூலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பாள். "இன்னிக்கு எந்த ராசா போனாரும்மா?"

"ரெண்டு பேரு போயிட்டாங்கக்கா. இன்னொருத்தரு இழுத்துக்கிட்டுக் கெடக்குறாரு."

மூன்றாவது கேசட்டின் இரண்டாவது பக்கம் இப்படிப் போகிறது: "ரெண்டு வருசமா அந்த வண்டியச் செஞ்சாங்க மச்சான். தங்கப் பெட்டி. அறுவத்துநாலு கோவேறு கழுதை, ஒவ்வொண்ணு கழுத்துலயும் மணி. சொந்த ஊருக்குத்தான் கொண்டுபோறாங்க. சிரியா வந்தாச்சு..." அங்கே போன் அடிக்கிறது. தம்மாமிலிருந்து, சைபுல்லாவின் அறையிலேயே தங்கியிருந்த மீரா உசேன். அவர் சொன்னது நாடாவில் இல்லை. அவள் "எப்ப?" என்று கேட்டது இருக்கிறது. பிறகு அவள் விரல் பொத்தானை அமுக்கிய சத்தம்.

லாரி கவிழ்ந்திருந்தது. மறுநாள் காலை சைபுல்லாவின் அண்ணன் ஜெக்கரியா ஒரு தாளோடு வந்தார். அங்கேயே அடக்கம் செய்யச் சம்மதம் என்று மனைவி கையெழுத்துப் போட வேண்டும்.

"ஊருக்குக் கொண்டாந்துடுங்க மச்சான். ஒரு தடவ மொகத்தப் பாத்துக்கிறேன்."

"பேப்பரெல்லாம் முடிய ஒரு மாசமோ ரெண்டு மாசமோம்மா. அதுவரைக்கும் அவன ஐஸ் பெட்டியிலயா வைக்கிறது? அந்த மண்ணுல அடங்கக் குடுத்து வச்சிருக்கணும்."

இரண்டு நாள் தாள் குர்ஆன் அலமாரிமேல் கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டாள். நான்கு மாதம் பத்து நாள் வீட்டைவிட்டு வெளியே வராமல் இத்தா இருந்தாள். அதுவரை பூத்தைத் தங்கை ஹாஃபிஸா பார்த்துக்கொண்டாள்.

மே மாதத் தேர்வில் அந்தப் பத்தாண்டே கேள்வியாக வந்தது. இன்னொரு தளபதி டாலமி படையோடு வந்து சிரியாவில் வழிமறித்தான், உடலை எகிப்துக்குக் கொண்டுபோனான், அது சொந்த ஊரான மாசிடோனியாவுக்கு வந்து சேரவேயில்லை என்று முத்து முத்தாக எழுதினாள். அறுபத்தெட்டு மதிப்பெண்.

இப்போதும் மூன்றிலிருந்து ஐந்து வரை கூண்டுக்குள்தான் உட்காருகிறாள். சும்மா உட்காருகிறாள். போன வாரம் வைரக்கண்ணு ஸ்டூலில் வெகுநேரம் இருந்துவிட்டு, மெல்லக் கேட்டாள்: "ஏம்மா, அந்த ராசா வண்டி ஊரு போய்ச் சேந்துச்சா?"

"சிரியாவுல நிக்குதுக்கா" என்றாள் நுஸைபா, டேப்ரெக்கார்டரின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்தபடி.

கேசட் உள்ளேயே இருக்கிறது. நாடா ஓடியதைக் காட்டும் எண்காட்டியில் 147. அந்தப் பக்கத்தில் இன்னும் பதினெட்டு நிமிட நாடா பாக்கி.