துப்பாக்கி கடிக்காத கூடு

செப்டம்பர் பிறந்தால் எங்கள் தெருக்காரர்கள் காலித் தோட்டாக் கூடுகளைக் காபி டப்பாவில் போட்டுக்கொண்டு ஆர்வல் ப்ரெக்கேயின் கராஜுக்கு வருவார்கள். ஒவ்வொரு டப்பாவிலும் பெயர் எழுதிய ஒட்டு நாடா இருக்கும். சுட்ட பித்தளைக் கூடு சற்று நீண்டுவிடும். மறுபடி நிரப்புவதற்கு முன் அதன் வாயைச் சீவி, பழைய நீளத்துக்குக் கொண்டுவர வேண்டும். சீவாமல் விட்டால் கூட்டின் கழுத்து துப்பாக்கியின் உள்விளிம்பில் போய் முட்டிக் குண்டை நெரிக்கும். அழுத்தம் எங்கே போய் நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்தச் சீவல் வேலையை ஆர்வல் கேட்டவர்களுக்கெல்லாம் செய்து கொடுத்தார். வெடிமருந்து மட்டும் யாருக்கும் போட்டுத் தரமாட்டார்.

"உன் மூஞ்சிக்குப் பக்கத்துல வெடிக்கப்போறத நீயே ரொப்பிக்கப்பா" என்பார்.

அது எங்கள் பக்கத்தில் எல்லாருக்கும் உள்ள வழக்கம்தான். ஒருவர் நிரப்பிய தோட்டாவை இன்னொருவர் சுடுவதில்லை. ஆர்வல் அதற்கு வைத்திருந்த ஒரே விதிவிலக்கு அவர் மனைவி ஆர்டித். ஆர்டித்தின் துப்பாக்கிக்கு அவர்தான் நிரப்புவார். அவர் நிரப்பியதைத் தவிர வேறெதையும் ஆர்டித் சுட்டதில்லை.

நான் அவர்களுக்கு அடுத்த வீடு. 1974 மே மாதம் குடிவந்தேன். எங்கள் ஊர் டெல்வினில் தானியக் கிடங்கின் எடைமேடை என் பொறுப்பு. ஆர்வலுக்கு ரயில்வேயில் சிக்னல் பராமரிப்பு. மைனஸ் முப்பது குளிரில் கம்பத்தில் ஏறிக் கம்பி முறுக்கிய கைகள் அவருடையவை. வடக்கே மானாவாரிக் கோதுமைப் பண்ணையில் பிறந்து, மூன்று ஆண்டு ஆலங்கட்டிக்குப் பயிரை இழந்த பிறகு ரயில்வேக்கு வந்தவர். ஆர்டித் பள்ளிச் சமையலறையில் தலைமைச் சமையல்காரர். ஆர்வல் மதிய வேளையில் பள்ளிக்கூடத்து மணியைப் பழுதுபார்க்கப் போனவர், மறுநாளும் போனாராம், அதற்கடுத்த நாளும் போனாராம். "ஒரு மணிய ரிப்பேர் பண்ண ஒரு வாரமா? அப்பவே நான் உஷாராயிருக்கணும்" என்று ஆர்டித் இன்றைக்கும் சொல்வார்.

என் மனைவி லோயிஸ் நோயில் கிடந்த குளிர்காலம் முழுக்க எங்கள் வாசல் பாதையில் ஒரு நாள்கூடப் பனி தேங்கவில்லை. காலையில் நான் கதவைத் திறக்கும்போது பாதை சுத்தமாக இருக்கும், பக்கத்து வீட்டு மண்வெட்டி சுவரில் சாய்ந்திருக்கும். நன்றி சொல்லப் போனால், காற்று அடித்துக்கொண்டு போயிருக்கும் என்பார்.

ஆர்டித்தின் துப்பாக்கி கடையில் வாங்கியது இல்லை. பள்ளிச் சமையலறையில் பெரிய அண்டாவைத் தூக்கப்போய் அவர் தோள் போயிற்று. அறுவை சிகிச்சைக்குப் பிறகு எங்கள் துப்பாக்கிகளின் உதையை அந்தத் தோள் தாங்கவில்லை. ஆர்வல் ஒரு பழைய துப்பாக்கியை, இப்போது இல்லாத லூதர் பேன் என்ற துப்பாக்கித் தச்சரிடம் கொடுத்து, கட்டையைக் குட்டையாக்கி, உதை குறைந்த சின்னக் குண்டுக்கு ஏற்றபடி குழலும் மாற்றினார். லூதர் தன் இஷ்டத்துக்குத் தோட்டா உட்காரும் உள்ளறையைக் குடைந்து கொடுத்தார். அந்தத் தோட்டாவை எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. எந்தப் புத்தகத்திலும் அதற்கு அளவு கிடையாது. சாதாரணத் தோட்டாவின் கூட்டை எடுத்து, அச்சில் அமுக்கிக் கழுத்தை நெருக்கி, வாயைச் சீவி ஆர்வலே செய்துகொண்டார். எத்தனை அங்குலத்துக்குச் சீவ வேண்டும் என்பது எழுத்தில் இல்லை. எழுதி வைக்கும் பழக்கம் எனக்கு உண்டு, அவருக்கு இல்லை. அதற்குப் பதில் அவரிடம் ஒரு மாதிரிக் கூடு இருந்தது. சரியான நீளத்துக்குச் சீவி, கறுப்பு மார்க்கரால் மூன்று வளையம் போட்டு, மேசையில் ஒரு மரக்கட்டையின் குழியில் நிறுத்தியிருப்பார். அதைச் சுடுவதில்லை. டிரிம்மர் என்ற சீவும் கருவியை அமைக்கும்போது அதைப் பூட்டி, வெட்டுத்தலையை அதன் வாயைத் தொடும்வரை கொண்டுபோய், அங்கே நிறுத்து வளையத்தை இறுக்கிவிடுவார். அதற்கு மேல் வெட்டு இறங்காது. எங்கள் பக்கத்தில் இப்படி ஒவ்வொருவரும் தங்கள் துப்பாக்கிக்கு ஒன்று வைத்திருப்பார்கள்.

போன ஏப்ரலில் ஆர்வலுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் பேச்சும் போயின. பேச்சு பிறகு ஒவ்வொரு சொல்லாகத் திரும்பி வந்தது, கை வரவில்லை. அவர் பில்லிங்ஸ் நகர மருத்துவமனையில் சிகிச்சையில் இருந்த வாரங்களில், திரும்பி வரும்போது எல்லாம் நன்றாக இருக்கட்டும் என்று ஆர்டித் வீட்டையும் கராஜையும் துடைத்து வைத்தார். மேசையில் சிதறிக் கிடந்த கூடுகளையெல்லாம் அள்ளிச் சுழலும் டிரம்மில் சோப்புத் தண்ணீரோடு போட்டு ஓடவிட்டார். எல்லாம் புதுச் சில்லறை மாதிரிப் பளபளத்து வெளியே வந்தன. கறுப்பு வளையம் மூன்றும் தண்ணீரோடு போயின. அப்போது அவருக்கு அது தெரியவில்லை.

ஆர்வல் ஜூனில் வீட்டுக்கு வந்தார். ஆனால் கராஜுக்குள் மட்டும் காலெடுத்து வைக்கவில்லை. சமையலறை ஜன்னலோரம் உட்கார்ந்து ரயில்களைப் பார்த்தார். கராஜ் கதவு ஒரு கை நீட்டும் தூரத்தில் இருந்தது. செப்டம்பர் பிறந்தும் தெருக்காரர்கள் டப்பாக்களைக் கொண்டுவரவில்லை. கேட்டால் அவர் மனம் நோகும் என்று நினைத்தார்கள். கேட்காதது அதைவிட நொந்தது என்று பிறகுதான் தெரிந்தது.

அந்த ஜூனில்தான் ஆர்டித்துக்குக் குலுக்கல் விழுந்தது. தெற்கே மிசௌரி ஆற்றுப் பள்ளங்களில் பெரிய எல்க் மான் வேட்டையாட அரசு கொடுக்கும் அனுமதி அது. பதினேழு ஆண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் விண்ணப்பித்து, ஒவ்வொரு கோடையிலும் இல்லை என்று பதில் வாங்கியவர். அந்த ஓர் இலையுதிர் காலத்துக்கு மட்டும்தான் அது செல்லும். அவர் தோள் தாங்கும் துப்பாக்கி ஒன்றே ஒன்று. அதற்கு நிரப்பிய தோட்டா ஒன்றுகூட மிச்சமில்லை. லூதர் அன்றைக்கே மருந்து அளவு எழுதிக் கொடுத்த சீட்டு மேசை மேல் ஒட்டியிருந்தது, ஆர்வலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்துப் பார்த்து மற்ற வேலையும் ஆர்டித்துக்குத் தெரியும். சீவல் மட்டும் பாக்கி. அது தப்பினால் அனுமதி வெறும் காகிதம்.

செப்டம்பர் இரண்டாம் சனிக்கிழமை மதியம் என்னைக் கூப்பிட்டார். என்னிடம் நுண்ணளவு பார்க்கும் நல்ல காலிப்பர் இருந்தது. கூடுகளை அச்சில் ஏற்றி முடித்திருந்தார். அச்சில் அமுக்கினால் கூடு நீளும் என்பதால் சீவல் அதற்குப் பிறகுதான். மாதிரிக் கூட்டைத் தேடியபோதுதான் மரக்கட்டையின் குழி காலியாக இருந்ததைக் கண்டார். தட்டில் நாற்பத்தொரு கூடுகள், எல்லாம் ஒரே பளபளப்பு.

"நானே கழுவித் தொலைச்சிட்டேன், வெண்டல்" என்றார். குரல் தாழ்ந்திருந்தது, சமையலறை பக்கத்தில்தான்.

ஆர்வலைக் கேட்கலாமே என்றேன். வேண்டாம் என்றார். "இருக்கிற கொஞ்ச மனசையும் நான் கழுவிட்டேன்னு அவர் நினைக்க வேண்டாம்" என்றார்.

ஒவ்வொன்றாக அளந்தேன். சுடாத கூடு நீண்டிருக்காது, ஆகவே எது மிகக் குட்டையோ அதுதான் மாதிரி என்பது என் கணக்கு. நாற்பது கூடுகள் ஒன்றுக்கொன்று அங்குலத்தின் ஆயிரத்தில் ஆறேழு பங்குக்குள் இருந்தன. ஒன்று மட்டும் எல்லாவற்றையும்விடக் குட்டை. இருவருக்கும் நிம்மதி. ஆர்டித் அதை டிரிம்மரில் பூட்டினார், வெட்டுத்தலையைத் தள்ளி வாயில் தொட வைத்தார், நிறுத்து வளையத்தை நகர்த்தினார். பிறகு அதைக் கழற்றிவிட்டு, முதல் கூட்டைப் பூட்டிக் கைப்பிடியைச் சுற்றத் தொடங்கினார். பித்தளைச் சுருள் ஒன்று மெல்லிய சத்தத்தோடு கீழே உதிர்ந்தது.

சமையலறைக் கதவு திறந்தது. எங்கள் பேச்சும் சீவும் சத்தமும் காதில் விழுந்திருக்க வேண்டும், ஊன்றி நடக்கும் சட்டத்தை இடது கையால் பிடித்துக்கொண்டு ஆர்வல் நின்றார்.

"நிறுத்து" என்றார்.

ஆர்டித்தின் கை கைப்பிடியிலேயே நின்றுவிட்டது. ஆர்வல் படி இறங்கி வந்தார். அந்த ஒரு படிக்கு நான் கை கொடுக்கப் போனேன், தலையை ஆட்டி மறுத்தார். மேசையருகே வந்து, குட்டைக் கூட்டை இடது கையால் எடுத்துப் பார்த்தார்.

"இதில்ல."

"அப்ப எதுய்யா?" என்றார் ஆர்டித். "இதுதான் எல்லாத்துலயும் குட்டை."

ஆர்வல் வாயைத் திறந்து, சொல்லுக்காகக் காத்திருந்தார். நாங்களும் காத்திருந்தோம். "கெடுத்தது. நான். திருகு." பிறகு நிறுத்து வளையத்தைச் சுட்டிக் காட்டினார். வளையத்தின் சின்னத் திருகை ஆர்டித் இறுக்காமல் விட்டிருந்தார். பல ஆண்டுகளுக்கு முன் ஆர்வலும் அதே திருகை இறுக்க மறந்து, வளையம் நழுவி, ஒரு கூட்டைக் கூடுதலாக வெட்டிக் கெடுத்திருக்கிறார்.

"அதை எதுக்குத் தூக்கி எறியாம வெச்சிருந்த?"

"பித்தளை" என்றார்.

ஆர்டித்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் கண் கலங்கியது. ஏனென்றால் இன்னும் ஒரு சுற்றுச் சுற்றியிருந்தால் அந்த முதல் கூடு போயிருக்கும். அதே அளவில் மற்றவற்றையும் சீவியிருந்தால் குண்டைப் பிடிக்கக் கழுத்து இருந்திருக்காது. சீவியதை நீட்ட முடியாது. சாதாரணக் கூட்டிலிருந்து புதிதாகச் செய்ய ஆர்வலின் வலது கை வேண்டும்.

ஆர்டித் அப்போதுதான் சொன்னார், டிரம்மில் போட்டதை, கறுப்பு மை போனதை. ஆர்வல் மேசையை ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். அந்த மேசையின் பலகை என்ன நிறம் என்று அவருக்கே முப்பது ஆண்டுகளாகத் தெரிந்திருக்காது.

"மேசை நல்லாயிருக்கு" என்றார்.

பிறகு ஸ்டூலைக் காட்டினார். ஆர்டித் இழுத்துப் போட்டார். உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்து, கூடுகளைக் கொட்டச் சொன்னார். இடது கையில் ஒவ்வொன்றாக எடுத்து, அடிவிளிம்பைக் கட்டைவிரல் நகத்தால் ஒரு சுற்றுத் தடவினார். தடவி, மேசையில் வைத்தார். அடுத்தது. அடுத்தது. என்ன தேடுகிறார் என்று எனக்குப் புரியவில்லை. காலிப்பர் என் கையில் சும்மா இருந்தது.

பாதிக்கு மேல் போன பிறகு ஒன்றை இரண்டு முறை தடவினார். என் கையில் கொடுத்தார். பிறகு இன்னொன்றையும் கொடுத்தார்.

"கடிச்சது. கடிக்காதது."

அப்போதுதான் விளங்கியது. சுட்ட கூட்டைத் துப்பாக்கி வெளியே இழுக்கும்போது அதன் கொக்கி அடிவிளிம்பைப் பற்றி இழுக்கும். விளிம்பில் ஒரு சின்னக் கீறல் விழும். அதைச் சோப்பும் தண்ணீரும் அழிக்காது. மாதிரிக் கூடு துப்பாக்கிக்குள் போனதே இல்லை. என் நகத்தால் தடவிப் பார்த்தேன். ஒன்றில் தட்டியது, மற்றதில் வழுக்கிக்கொண்டு போயிற்று.

அதன் பிறகு வேலை வேகமாக நடந்தது. மாதிரியைப் பூட்டும் நெம்புகோலை ஆர்வல் இடது கையால் அழுத்தினார். உணர்வில்லாத வலது கையை ஆர்டித் எடுத்து டிரிம்மரின் அடித்தட்டின் மேல் வைத்தார். அது ஆடாமல் இருக்க நல்ல கனம் வேண்டும், உன் கை இப்போது வேறு எதற்கு என்றார். ஆர்வல் அதற்குச் சிரித்தார். ஏப்ரலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்டது அன்றுதான்.

"திருகு" என்றார்.

"இறுக்கிட்டேன், கிழவா."

"இன்னும்."

ஆர்டித் இன்னும் இறுக்கினார். முதல் கூட்டைச் சீவி, வாயின் பிசிறை உள்ளேயும் வெளியேயும் எடுத்து என்னிடம் நீட்டினார். மாதிரியும் அதுவும் மயிரிழை பிசகவில்லை. துப்பாக்கியைக் கொண்டுவந்து அதை உள்ளே விட்டு மூடினார்கள். எங்கும் முட்டாமல் மூடிக்கொண்டது. மாலைக்குள் எல்லாக் கூடுகளும் முடிந்தன. மாதிரிக் கூட்டை மட்டும் ஆர்வல் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மை பூசுவதற்குப் பதில் இந்தத் தடவை அரத்தால் ஒரு வெட்டுப் போடலாம் என்றேன். சம்மதித்தார். அதன் நீளத்தை மேசைக்கு மேலே சுவரில் பென்சிலால் எழுதவும் எனக்கு அனுமதி கிடைத்தது. "எழுதிக்கய்யா, எழுதாட்டி உனக்குத் தூக்கம் வராது" என்று நான் செய்வதைப் பார்த்துச் சொன்னவர் ஆர்டித்.

திங்கட்கிழமை காலை தெருக்கோடி வீட்டிலிருந்து ஒரு காபி டப்பா கராஜ் வாசலில் வந்து உட்கார்ந்தது. புதன்கிழமைக்குள் மேலும் நாலு. யார் சொன்னார்கள் என்று எனக்குத் தெரியாது. நான் சொன்னது ஒருவரிடம்தான். ஆர்டித் கைப்பிடியைச் சுற்ற, ஆர்வல் அடித்தட்டைப் பிடித்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்திருப்பார்.

அக்டோபர் கடைசியில் ஆர்டித்தையும் அவர் தங்கை மகளையும் என் டிரக்கில் ஆற்றுப் பள்ளங்களுக்குக் கூட்டிப்போனேன். ஆர்வல் வரவில்லை, அவ்வளவு கரடுமுரடான பாதையில் இனி முடியாது. மூன்றாம் நாள் பைன் சரிவில் ஆர்டித் ஒரே குண்டில் ஓர் ஆண் எல்க்கை வீழ்த்தினார். இறைச்சியை நானும் தங்கை மகளும் நாலு நடையில் தோளில் சுமந்து மேலே ஏற்றினோம். அதில் ஒரு தொடையின் மிச்சம் என் ஃப்ரீசரில் இப்போதும் இருக்கிறது. வேகவைக்கும் ஒவ்வொரு முறையும் பக்கத்து வீட்டுக்காரர் இருவரையும் நினைத்துக்கொள்கிறேன். அப்படி ஒரு சுவருக்கு இந்தப் பக்கம் வாழக் கிடைத்ததற்கு நான் என்ன புண்ணியம் செய்திருப்பேன் என்று பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்றும் இல்லை. குடிவந்தேன், அவ்வளவுதான்.

வீடு திரும்பியதும் ஆர்டித் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் சமையலறைக்குள் போனார். கோட்டுப் பையிலிருந்து சுட்ட கூட்டை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவரின் இடது உள்ளங்கையில் வைத்தார். ஆர்வல் கட்டைவிரல் நகத்தை விளிம்பில் வைத்து மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார்.

"கடிச்சிருக்கு" என்றார்.