கடைசி மூன்று எழுத்து

மும்பை மாட்டுங்காவில் ஒரு கம்ப்யூட்டர் கடை. அங்கே உட்கார்ந்திருக்கும் மேதாவியை எனக்கு அறவே பிடிக்காது. எந்த ஃபைல் திறக்காவிட்டாலும் அதன் பெயரில் கடைசி மூன்று எழுத்தை மாற்றிவிடுவான். பாட்டு என்று தோன்றினால் எம்பி3, படம் என்று தோன்றினால் ஜேபிஜி. மூட்டை மேல் அரிசி என்று எழுதிவிட்டால் உள்ளே இருக்கும் பருப்பு அரிசியாகிவிடும் என்று நம்புகிற ஜென்மம்.

அவனிடம் போய் மாட்டிக்கொண்டார் அக்கா. தாராவியில் கம்ப்யூட்டர் எம்பிராய்டரி மிஷின் ஒன்றை வைத்துத் தொழில் நடத்துபவர், திருநெல்வேலிப் பக்கம். என் மனைவியின் ரவிக்கைகளுக்கு வேலைப்பாடு செய்து தந்த பழக்கம். அப்போது ஒரு பள்ளிக்கூடத்துக்குச் சீருடை பேட்ஜ் தைக்கும் ஆர்டர் அவர் கையில் இருந்தது. டிசைனைப் பென் டிரைவில் போட்டுக் கொடுத்த ஆபரேட்டர் சூரத்துக்குப் போய்விட்டார். டிசைனைக் காகிதத்தில் காட்டுங்கள் என்று பள்ளியில் கேட்க, பிரிண்ட் எடுக்கப் போயிருக்கிறார். மேதாவி அதை ஜேபிஜி ஆக்கிப் பார்த்துவிட்டு, "கராப் ஹோ கயா", கெட்டுப்போய்விட்டது என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அதன்பின் மிஷினிலும் அந்த டிசைன் தெரியவில்லை.

திங்கட்கிழமை பேட்ஜ் போய்ச் சேராவிட்டால் ஆர்டர் காட்கோபரில் வேறொருவருக்குப் போய்விடும். அவருக்கு வருஷத்தில் பெரிய வேலையே அது ஒன்றுதான்.

வெள்ளிக்கிழமை மாலை செம்பூரில் என் வீட்டுக்கு வந்தார். விக்ரோலியில் கட்டட வரைபட ஆபீசில் கம்ப்யூட்டர் பார்ப்பவன் என்ற கெத்து எனக்கு. மேதாவியைக் கேலி செய்துகொண்டே ஃபைலை லேப்டாப்பில் பிரதி எடுத்தேன்.

"முதல்ல கடைசியில என்ன எழுத்து இருந்துச்சு?"

"டிஎஸ்டின்னு மிஷின்ல காட்டும் தம்பி."

பென் டிரைவிலும் லேப்டாப்பிலும் பழையபடி மாற்றிவிட்டுத் தட்டினேன். கட்டடப் படம் வரைகிற சாஃப்ட்வேர் தானாகத் திறந்து, ஃபைல் சரியில்லை என்றது. எனக்கு அது போதாதா?

"செத்துப்போச்சுக்கா. புதுசா டிசைன் போட ஆள் பாருங்க."

"இது படம் இல்லையே தம்பி. ஊசி எங்கன எறங்கணும்னு மிஷினுக்குச் சொல்லுதது. உங்க பொட்டிக்கு எப்படித் தெரியும்?"

"ஃபைல்னா எல்லாம் ஒண்ணுதான்க்கா" என்றேன். அவர் பென் டிரைவைப் பர்ஸில் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அக்கா கேட்ட கேள்வி உறுத்தியதால், பிரதியை நோட்பேடில் திறந்தேன். கீழே முழுக்கக் குப்பை எழுத்து. தலையில் மட்டும் ஒழுங்காகச் சில எண்கள். இணையத்தில் தேடினேன். மொத்தம் எத்தனை தையல், நூலின் நிறம் எத்தனை முறை மாறவேண்டும் என்ற விவரங்கள் அவை. வரைபட ஃபைலுக்கும் தையல் ஃபைலுக்கும் அதே மூன்று எழுத்துதானாம். மேதாவியாவது மூட்டை மேல் இருந்த பெயரை மாற்றினான். நான் மூட்டையைப் பிரிக்காமலே உள்ளே ஒன்றும் இல்லை என்று சொன்னவன். வெட்கமாக இருந்தது.

தாராவிக்கு ஓடினேன். மிஷின் தடதடவென்று தைத்துக்கொண்டிருந்தது. முடிந்த பேட்ஜுகளில் பிசிறு நூலை வெட்டி அடுக்கிக்கொண்டிருந்தார் அக்கா.

"வெள்ளிக்கிழமையே போட்டுட்டேன் தம்பி. நீங்க எழுத்த மாத்துனதும் மிஷின் எடுத்துக்கிட்டு."

"ஒரு ஃபோன் பண்ணியிருக்கலாமேக்கா."

கத்தரியை நிறுத்தாமல் சொன்னார்: "செத்துப்போச்சுன்னு சொன்ன டாக்டருக்கு, பொழச்சிட்டுன்னு கேட்டா வருத்தமா இருக்கும்லா. அதான் பண்ணல."