கறுப்புக் கவுன் போட்ட அச்சகக்காரி

“அம்மா, டுமாரோ ஐ ஆம் எ விடோ” என்று என் மகள் சொன்னதும் கையிலிருந்த தோசைக்கரண்டி நழுவித் தரையில் விழுந்தது. ஒன்பது வயசுப் பிள்ளை பேசுகிற பேச்சா இது? “வாயைக் கழுவுடி!” என்று கத்தினேன்.

அமெரிக்காவில், பிஸ்கட்டவேயில் அவள் படித்த ஸ்கூலில் ஒரு பிராஜெக்ட். அச்சு வந்த புதிதில் வாழ்ந்த யாராவது ஒருவர் மாதிரி வேஷம் போட்டு, அவருக்கு என்ன தொழில் என்று வகுப்பில் சொல்ல வேண்டும். எழுத்து வார்த்த பொற்கொல்லர், மை காய்ச்சியவர், பிழை திருத்தியவர் என்று எத்தனையோ பேர் இருக்க, இவள் பிடித்தது பாரிஸில் புருஷன் செத்தபின் அச்சகத்தை நடத்திய ஒரு பெண்ணை. கறுப்புக் கவுன், கறுப்பு முக்காடு, பாழ் நெற்றி. அதுவும் வெள்ளிக்கிழமை!

என் வீட்டுக்காரருக்கு அப்போது தூரத்தில், இர்விங் என்கிற ஊரில் வேலை. அந்த வெள்ளிக்கிழமைதான் ஃப்ளைட் பிடித்து வீட்டுக்கு வருகிறார். அவர் ஆகாயத்தில் இருக்கும்போது பெற்ற பெண் இந்தக் கோலத்தில் நிற்பதா? “மை காய்ச்சுறவரா போயேன்டி” என்று கெஞ்சினேன்.

“நோ அம்மா. ஷி வாஸ் த பாஸ்.”

காலையில் தலை பின்னுகிற சாக்கில், முக்காட்டுக்குள் மறைகிற மாதிரி நெற்றி மயிரோரம் துளி குங்குமத்தைத் தீற்றிவிட்டேன். அவளுக்குத் தெரிந்தால் ஆடித் தீர்த்துவிடுவாள்.

வகுப்பில் மற்ற அம்மாக்களோடு உட்கார்ந்திருந்தேன். நினைப்பெல்லாம் ஃப்ளைட்டில். மகள் கணீரென்று இங்கிலீஷில் ஆரம்பித்தாள். “என் கணவர் இறந்ததும் கடையை மூடச் சொன்னார்கள். நான் மூடவில்லை. நானே எழுத்துக் கோத்தேன்.”

இவரை ஏன் தேர்ந்தெடுத்தாய் என்று டீச்சர் கேட்டார்.

“இந்தியாவில் என் பெரியம்மாவுக்கும் இதே வேலைதான்” என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது.

என் அக்கா! ஈரோட்டில் மாமா போனபிறகு அவருடைய அச்சகத்தைத் தனியாளாக நடத்துகிறவள். போன லீவில் இவள் அங்கேயே கிடந்து கவுனெல்லாம் மை அப்பிக்கொண்டு வந்தாள். துணி பாழாய்ப் போச்சே என்று திட்டியதோடு நான் அதை மறந்தும் போனேன். என் கல்யாணப் பத்திரிகைக்கு எழுத்துக் கோத்தவளே அக்காதான். ஆனால் அதன் மூலைகளில் மஞ்சள் தடவ அவளை யாரும் விடவில்லை. முகூர்த்த நேரத்தில் சமையல்கட்டுப் பக்கம் நின்றிருந்தாள். சரி, அதெல்லாம் பெரியவர்கள் செய்தது என்று வைத்துக்கொள்வோம். நான் அமெரிக்கா கிளம்பின அன்றைக்கு, “அக்கா, நீ கொஞ்சம் உள்ளே இரு” என்று சொன்னது யார்? நான்தான். பாவி, என் வாயால் சொன்னேன். சொல்லிவிட்டு வாசலில் எல்லோருக்கும் கையாட்டிவிட்டுக் காரில் ஏறினேன்.

எல்லோரும் கைதட்டினார்கள். எனக்குக் கை எழவில்லை.

வீட்டுக்காரர் பத்திரமாக வந்து சேர்ந்து, பசிக்கிறது என்றார்.

மறுநாள் காலை முதல் வேலையாக ஃபோன் கார்டைச் சுரண்டி அக்காவைக் கூப்பிட்டேன். பிள்ளை போட்ட வேஷத்தையும் பேசிய பேச்சையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். குங்குமத்தை மட்டும் சொல்லவில்லை. அடுத்து மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தேன். அந்தப் பக்கம் அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அப்புறம் மெல்லக் கேட்டாள்.

“ஏம்புள்ள, கொழந்தைக்குப் பொட்டு வெச்சுத்தான அனுப்புனே?”