பூம்புகார்: மணல் மூடியிருந்த முகத்துவாரம்

பூம்புகாருக்குப் போகிறவர்கள் என்னிடம் வழி கேட்பதால் எழுதுகிறேன். நான் போனது அறுபத்திரண்டாம் வருஷம், ஆனி மாதம், அப்பாவின் திதிக்கு. அவருக்கு ஆண் பிள்ளை கிடையாது. "அண்ணனுக்கு நான் செய்யறேன்" என்று பத்துப் பேர் முன்னால் சொன்ன சித்தப்பா, இரண்டு வருஷமாக எள்ளும் தண்ணீரும் இறைக்கவில்லை. காவிரி கடலில் கலக்கும் இடத்தில் ஒரு தடவையாவது முங்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. அது நிறைவேறாமலே போய்ச் சேர்ந்துவிட்டார். அவருக்காக நான் முங்குவது என்று தீர்மானித்தேன். தனியே அனுப்ப வீட்டில் ஒப்பவில்லை. துணைக்கு வந்தது யார் என்கிறீர்கள்? அதே சித்தப்பா.

அந்த வாரம்தான் எங்கள் ஸ்ரீரங்கத்துக்குக் காவிரியில் புதுத்தண்ணீர் வந்திருந்தது. அம்மா மண்டபத்துப் படிகளில் நுரை தள்ளிக்கொண்டு ஓடியது. இங்கேயே இப்படியென்றால் கடலோரத்தில் கேட்கவா வேண்டும் என்று நம்பிக் கிளம்பினோம். திருச்சியிலிருந்து காலை ரயிலில் மாயவரம். அங்கிருந்து பஸ்ஸில் சுமார் பதினைந்து மைல்.

போய்ப் பார்த்தால் ஆறும் கடலும் சேரவே இல்லை. நடுவில் மணல் திட்டு. அதற்கு இந்தப் பக்கம் பழைய தண்ணீர் குட்டையாகத் தேங்கி நின்றது.

கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாள் சிரித்தாள். "புதுத்தண்ணிய தேடி வந்தியாம்மா? வாய்க்காலும் வயலும் குடிச்சது போக மிச்சம் இங்க வர நாளாகும். ஆத்து வாயும் ஒரே இடத்துல இருக்காது. எங்க மாமியா காலத்துல அந்தப் பனைமரத்துக்கிட்ட இருந்துச்சு. அதுக்கெல்லாம் முந்தி ஊரையே கடல் கொண்டுபோச்சும்பாங்க."

"அவ்வளவுதான். கடல்ல கால நனைச்சுட்டுக் கிளம்பு" என்றார் சித்தப்பா.

நான் அந்த அம்மாளிடம் கேட்டேன். "இத வெட்டி விடலாமாங்க?"

"தண்ணி ஏறி நின்னா நாங்களே வெட்டுவோம். மம்பட்டி தரேன், உனக்குத் தெம்பிருந்தா வெட்டு."

"பொம்பள கொத்தினா காவேரி ஓடிடுமாக்கும்" என்று சித்தப்பா பனைமர நிழலில் போய் உட்கார்ந்தார்.

புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வெட்டினேன். வெட்ட வெட்ட மணல் சரிந்து மூடியது. அந்த அம்மாளும் கூட வந்து கூடையில் அள்ளிக் கொட்டினாள். உச்சி வெயில் சாய்ந்த பிறகு ஒரு முழ அகலத்தில் தண்ணீர் கசிந்தது. பிறகு தானே கரையை அறுத்துக்கொண்டு கடலுக்கு ஓடியது.

உடனே சித்தப்பா சட்டையைக் கழற்றிக்கொண்டு வந்தார். "தள்ளு, பெரியவன் முதல்ல முங்கறேன்."

மம்பட்டியைக் குறுக்கே பிடித்தேன். "வெட்டினவ முங்கட்டும் சித்தப்பா. பின்னால வாங்க."

அப்பா பேரைச் சொல்லி மூன்று முறை முங்கினேன். வாயில் பாதி உப்பு, பாதி ஆற்றுத் தண்ணீர்.

நீங்கள் போவதானால் ஸ்ரீரங்கத்துத் தண்ணீரைப் பார்த்துக் கிளம்பாதீர்கள். ஆடி பாதிக்கு மேல் போங்கள், அங்கே உள்ளவர்களிடம் விசாரித்துக்கொண்டு போங்கள். இடுப்புக்கு மேல் ஆழத்தில் இறங்காதீர்கள், அலை இழுக்கும். ஊர் திரும்பியதும் சித்தப்பா, அண்ணனுக்குத் தான்தான் முங்கிவிட்டு வந்ததாகச் சொல்லித் திரிந்தார். அதை நம்பியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் படிக்கட்டும் என்றுதான் இதை எழுதினேன்.