ஆவி விடும் பெட்டி

அந்தக் குடியிருப்பில் 'போர்வையக்கா' என்று கேட்டால்தான் வழி சொல்வார்கள். மூன்றாம் மாடி, படியேறியதும் இடப்பக்கக் கதவு. இறந்துபோனவர்களின் துணிகளைக் கட்டம் கட்டமாக வெட்டி, ஒன்றோடொன்று சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வையாக்கித் தருவது அவள் தொழில். துணிப்பையோடு வருகிறவர்கள் யாரும் உடனே கொடுத்துவிட மாட்டார்கள். வாசலிலேயே நின்று, பையின் காதை விரலில் சுற்றிக்கொண்டு, வெயிலைப் பற்றியோ படிக்கட்டின் உயரத்தைப் பற்றியோ பேசுவார்கள். அவளும் அவசரப்படுத்துவதில்லை. அவர்கள் கை தானாக நீளும் வரை காத்திருப்பாள்.

இருபது வருடத்துக்கு மேல் ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரிப் பிரிவில் நின்ற உடம்பு அது. கணவன் மாரடைப்பில் போன அதே வருடம் தொழிற்சாலையும் மூடிவிட்டது. கை சும்மா இருக்க மாட்டேன் என்றது. அவனுடைய சட்டைகளை எடுத்து வெட்டி ஒரு போர்வை தைத்தாள். கீழ்வீட்டு அம்மா அதைத் தடவிப் பார்த்துவிட்டு, மறுநாள் தன் வீட்டுக்காரரின் சட்டைகளைக் கொண்டுவந்து வைத்தாள். அப்படித் தொடங்கியது, ஆறு வருடமாக ஓடுகிறது. மருந்துக் கடையில் பில் போடும் தங்கை, கல்யாணப் பேச்சையே எடுக்க விடாதவள், அக்காவுக்குத் துணையாக அதே வீட்டுக்கு வந்து சேர்ந்தாள்.

இந்த வேலையில் தையல் பாதி என்றால் தேய்ப்பு பாதி. இரண்டு துண்டைச் சேர்த்துத் தைத்ததும் அந்தத் தையலை ஒரு பக்கமாகப் படிய வைத்துத் தேய்க்க வேண்டும். ஒன்றை விட்டால் அடுத்தது நூலளவு பிசகும்; இருபதாவது துண்டில் அது விரலளவு ஆகிவிடும். அதனால், ஒருநாள் காலை அவளுடைய பழைய இஸ்திரிப் பெட்டி கருகல் வாடையோடு அடங்கிப்போனபோது, அவளுக்கு வலது கையே விளங்காமல் போனது போல இருந்தது. பழுது பார்ப்பவர் திருகாணியைக் கழற்றிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"இதுக்குச் சாமானே இப்ப வர்றதில்லம்மா. புதுசு வாங்கிக்குங்க."

நான்கு துண்டுகளைக் குறுக்கும் நெடுக்குமாகத் தைத்த ஒரு சின்னத் துணியைக் கைப்பையில் வைத்துக்கொண்டு, தங்கையோடு கடை ஏறினாள். முதல் கடையில் மலிவானதெல்லாம் காலி டிபன் டப்பா கனம்கூட இல்லை. பெட்டிக்குக் கனமில்லை என்றால் அந்தக் கனத்தைக் கைதான் போட வேண்டும். சாயங்காலத்துக்குள் மணிக்கட்டு போய்விடும். இரண்டாவது கடையில் கனமாக ஒன்று இருந்தது. மூக்கு அகலம், தையல் சந்துக்குள் நுழையாது. இன்னொன்று மூக்கும் சரி, கனமும் சரி.

"கொஞ்ச நேரம் சும்மா வெச்சா தானா அணைஞ்சிடும், பாதுகாப்பு" என்றார் விற்பனையாளர்.

"நான் நாலு தையல் போட்டுட்டுத் திரும்பறதுக்குள்ள இது தூங்கிடுமே" என்று திருப்பிக் கொடுத்தாள். அதை விட நல்லதெல்லாம், விலையைக் கேட்டால், கண்ணால் பார்க்க மட்டும்தான்.

மூன்றாவது கடையில், அட்டைப்பெட்டி இல்லாமல் காட்சிக்கு வைத்திருந்த ஒன்றைப் பாதிக்குப் பாதி விலைக்குத் தருவதாகச் சொன்னார்கள். கனம் இருந்தது. மூக்கு கூர்மை. வயரும் நீளம். ஆனால் நீராவி விடுகிற வகை.

"ஆவி இல்லாததா இருந்தா நல்லது" என்று இழுத்தாள்.

"ஆவி இல்லாததெல்லாம் காத்தா இருக்கு. கனமா இருக்கறதெல்லாம் ஆவியோடதாம்மா வருது" என்றார் கடைக்காரர்.

"வேணாம்னா அந்தப் பொத்தான அமுக்காம விடேன்க்கா. யாரு வந்து கேக்கப் போறா?" என்றாள் தங்கை.

தண்ணீர் ஊற்றச் சொல்லி, வெள்ளைத் துணியின் மேல் கால் மணி நேரம் படுக்க வைத்தாள், ஒழுகுகிறதா என்று பார்க்க. ஒரு சொட்டு இல்லை. கொண்டு வந்த துணியில் நான்கு தையலும் கூடுகிற முடிச்சின் மேல் வைத்து எடுத்தாள். காகிதம் மாதிரி படிந்தது.

"பொண்ணு பாக்க வர்றவங்ககூட இவ்வளவு சோதிக்க மாட்டாங்க" என்றார் கடைக்காரர்.

புதுப் பெட்டியின் முதல் வேலை ஒரு லாரி ஓட்டுநரின் துணி. மகள் கொண்டுவந்தது. எல்லாம் துவைத்து, வெயிலில் காய்ந்து, சோப்பு வாசனையோடு இருந்தது. சட்டைகள் சாதாரணச் சூட்டிலேயே படிந்தன. கால்சட்டையின் தடித்த தையல்தான் அடங்க மறுத்தது. போகட்டும் என்று பொத்தானை அமுக்கினாள். உஸ்ஸென்று ஆவி கிளம்பியது. அதோடு டீசல் வாடை வந்தது. பிறகு வியர்வை, பிறகு கிராம்பு, வாயில் அடக்கி மெல்லுகிற கிராம்பு. ஜன்னல் திறந்திருந்தது. காற்று வந்துகொண்டும் இருந்தது. ஆனாலும் வாடை கலையாமல், மேசைக்கும் கதவுக்கும் நடுவே ஓர் ஆள் நிற்கிற அகலத்துக்கு அப்படியே நின்றது. அவள் அந்த இடத்தைச் சுற்றிக்கொண்டு போய்க் கத்தரிக்கோலை எடுத்தாள். ஏன் சுற்றிப் போனோம் என்று பிறகுதான் யோசித்தாள்.

மத்தியானம் சாப்பிட வந்த தங்கை வாசலிலேயே நின்றாள்.

"யாருக்கா வந்துட்டுப் போனா?"

"யாரும் வரலியே."

"ஆம்பள வாடை அடிக்குது. ஒனக்கு இந்த வயசுல இதெல்லாம் தேவையா?" என்று சிரித்துக்கொண்டே சமையலறைக்குள் போனவள், டீ ஊற்றி எடுத்து வந்தாள். தட்டில் மூன்று டம்ளர்கள் இருந்தன. இருவரும் அந்த மூன்றாவது டம்ளரைப் பார்த்தார்கள். தங்கைக்குச் சிரிப்பு நின்றுபோனது.

"கை மறந்து எடுத்துடுச்சு" என்றாள்.

அடுத்து ஒரு சங்கீத டீச்சரின் உடைகள். ஆவி பட்டதும் தைலமும் மூக்குப்பொடியும் கலந்த நெடி எழுந்தது. போர்வையக்காவின் கூன் விழுந்த முதுகு தானாக நிமிர்ந்தது. சாயங்காலம் வரை அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்துதான் தைத்தாள். குனியத் தைரியம் வரவில்லை.

"ஆவி விடற பெட்டின்னு கடைக்காரர் ஒழுங்காத்தான் சொல்லியிருக்காரு. நாமதான் வேற மாதிரி புரிஞ்சிக்கிட்டோம்" என்றாள் தங்கை. அது நகைச்சுவையாகத்தான் தொடங்கியது. சொல்லி முடிக்கும்போது அவள் குரல் இறங்கியிருந்தது.

பயம் இருந்தது. ஆனால் அதை விடப் பெரிய வேதனை ஓட்டுநரின் மகள் போர்வை வாங்க வந்த அன்று ஏற்பட்டது. அந்தப் பெண் போர்வையைப் பிரித்தாள், முகத்தைப் புதைத்தாள். வெகு நேரம் அப்படியே இருந்தாள். பிறகு ஓர் ஓரத்தை மோந்து பார்த்தாள், இன்னோர் ஓரத்தையும்.

"எத்தன தடவ துவைச்சும் கால்சட்டை மடிப்புக்குள்ள அப்பா வாசனை கொஞ்சம் ஒளிஞ்சிட்டு இருந்துச்சுக்கா. இப்ப இல்ல" என்றாள். குற்றம் சொல்லவில்லை, சும்மா சொன்னாள். நன்றியும் சொல்லிவிட்டுப் போனாள்.

போர்வையக்கா கதவைச் சாத்திவிட்டு மேசையருகே உட்கார்ந்தாள். அந்த மனிதர் கடைசியாக ஒரு தடவை எழுந்து வந்திருக்கிறார். மகள் இருக்க வேண்டிய இடத்தில் முன்பின் தெரியாத நாம் நின்று அவரைச் சுவாசித்துத் தீர்த்துவிட்டோம். ஆவி ஒருமுறைதான் எழுப்பும், எழுப்பியதைத் திரும்பப் படுக்க வைக்காது என்பது அவளுக்கு அன்றைக்குப் புரிந்தது.

அது புரிந்த நாளிலிருந்து அவள் நினைப்பெல்லாம் ஒரே ஒரு சட்டையின் மேல் போனது.

கணவனின் சட்டைகளை வெட்டியபோது ஒன்றை மட்டும் விட்டுவைத்திருந்தாள். அவன் சூட்கேஸின் அடியில், காகிதத்தில் சுற்றிக் கிடந்த சட்டை. வெளிர்நீலம். இடது தோளில் உள்ளங்கை அகலத்துக்குக் கஞ்சி காய்ந்தது போல விறைப்பாக ஒரு கறை. கறைபட்ட துணி போர்வைக்கு ஆகாது என்று அப்போது ஒதுக்கிவிட்டாள். அவன் அதை ஏன் துவைக்காமல் சுற்றி வைத்தான் என்று கேட்டுக்கொள்ளவில்லை.

இரண்டு வாரம் தள்ளிப்போட்டாள். ஒரு நாள், வெயில் மேசையில் விழுகிற முற்பகலில், அந்தச் சட்டையை விரித்தாள். தண்ணீர் ஊற்றினாள். ஒரு தடவைதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டாள். அவனுடைய தலையெண்ணெயும் பீடி வாசனையும் வரும் என்று கண்ணை மூடித் தயாராக நின்று, தோளில் வைத்து அமுக்கினாள்.

பால் வாசனை வந்தது.

குடித்துவிட்டுக் கக்கிய, லேசாகப் புளித்த பால். அதற்கடியில் பச்சைக் குழந்தையின் உச்சந்தலை வாசனை. அவளுக்கு அந்த வாசனை தெரியாது. ஒரு குழந்தையையும் அத்தனை நெருக்கத்தில் தூக்கியதில்லை. தெரியாமலே அவள் மார்பு கனத்தது, இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு. பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். சட்டையின் தோள் ஈரமாக, உடம்புச் சூட்டில் இருந்தது. இரும்பின் சூடு ஆறியிருக்க வேண்டிய நேரம் தாண்டியும் அந்தச் சூடு ஆறவில்லை. கை வைத்தபடியே நின்றாள்.

இருபத்தைந்து வருடத்துக்கு முன் அவளுக்கு ஒரு பிள்ளை பிறந்தது. பிரசவத்தில் ரத்தம் கட்டுக்கடங்காமல் போய், காய்ச்சலும் சேர்ந்து, பதினெட்டு நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கண் விழித்ததும் கணவன் சொன்னான், குழந்தை பிறக்கும்போதே உயிரில்லை என்று. தங்கையும் பக்கத்தில் நின்று தலையாட்டினாள். அதற்குப் பின் பிள்ளை இல்லை.

உயிரில்லாத பிள்ளை பால் கக்காது.

சாவி திரும்புகிற சத்தம் கேட்கவில்லை. தங்கை எப்போதும் கதவைப் படாரென்று திறந்து, செருப்பை உதறி, கைப்பையை நாற்காலியில் எறிகிறவள். அன்றைக்குக் கதவை மெல்லத் திறந்தாள். செருப்பை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓசையில்லாமல் வைத்தாள். நுனிக்காலில் நடந்து வந்து, மேசையைப் பார்க்காமலே, கிசுகிசுப்பாகக் கேட்டாள்.

"தூங்குறானா?"

கேட்ட பிறகுதான் தான் என்ன கேட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. அக்கா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாள் இருந்தான்?" என்றாள் அக்கா.

தங்கை சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். வாயைப் புறங்கையால் மூடிக்கொண்டாள்.

"ஒம்பது நாள்" என்றாள்.

"நீ தூக்கினியா?"

"நானும் மாமாவும் மாத்தி மாத்தி. மாமா தோள்லதான் அடங்குவான். கீழ போட்டா கத்துவான்."

"அப்புறம்?"

"மூச்சு வாங்க ஆரம்பிச்சுது. டாக்டருங்க எல்லாம் பாத்தாங்க. காலைல, விடிஞ்சு கொஞ்ச நேரத்துல…" நிறுத்தி, மறுபடி தொடங்கினாள். "நீ பொழைப்பியான்னே தெரியலக்கா அப்ப. 'பொறந்தப்பவே இல்லன்னு சொன்னா ஒரு தடவ அழுதுட்டு எந்திரிச்சிடுவா, இருந்தான்னு சொன்னா ஒவ்வொரு நாளா கேப்பா'ன்னாரு மாமா. நானும் சத்தியம் பண்ணிக் குடுத்துட்டேன்."

"கேக்கத்தான் போறேன்" என்றாள் அக்கா. "மொத நாள்லேர்ந்து சொல்லு."

அந்த மத்தியானம் தங்கை கடைக்குத் திரும்பிப் போகவில்லை. முதல் நாள் அவன் கண்ணே திறக்கவில்லை. இரண்டாம் நாள் இடது கண் மட்டும். மூன்றாம் நாள் பாலாடையில் புகட்டிய பாலை மாமாவின் நீலச் சட்டையில் கக்கினான். மாற்றச் சொன்னதற்கு அவர் கேட்கவில்லை. ஐந்தாம் நாள் விக்கல் நிற்காமல் ஒரு மணி நேரம். சொல்லச் சொல்ல, அறையில் அந்த வாசனை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்துகொண்டு வந்தது. இருவருக்கும் அது தெரிந்தது. அதனால் தங்கை வேகமாகச் சொன்னாள்.

"பேரு வெச்சீங்களா?"

"நீ எந்திரிச்சி வெக்கட்டும்னு மாமா விட்டுட்டாரு. நெத்தியச் சுருக்கிக்கிட்டே இருப்பான், தீர்ப்பு சொல்லப் போற ஜட்ஜ் மாதிரி. அதனால மாமா 'பெரியவரே'ன்னு கூப்பிடுவாரு. 'பெரியவரே, கொஞ்சம் பொறுங்க, பால் ஆறட்டும்'னு."

போர்வையக்கா அதற்குச் சிரித்துவிட்டாள். சிரிப்பு நடுவிலேயே உடைந்தது. ஒன்பதாம் நாளைத் தங்கை சொல்லி முடித்தபோது சட்டையின் தோள் குளிர்ந்திருந்தது. கறை இருந்த இடம் மற்ற துணியைப் போலவே மிருதுவாகிவிட்டது.

கணவன் மேல் வந்த கோபம் இறங்கப் பத்துப் பன்னிரண்டு நாள் ஆயிற்று. அவன் சட்டைகளில் தைத்த போர்வையை மடித்து அலமாரியின் உச்சியில் போட்டுவிட்டாள். நல்லதுக்குத்தான் செய்தான் என்று தங்கை சொன்னதற்கு, "நல்லதுதான். என்னோட ஒம்பது நாள எடுத்துத் தனியா வெச்சிக்கிட்டாரே, அதத்தான் சொல்றேன்" என்றாள். பிறகொரு குளிர்ந்த நாளில் நாற்காலி போட்டு ஏறிப் போர்வையை இறக்கினாள். நீலச் சட்டையை அவள் வெட்டவில்லை. ஒரு சின்னத் தலையணைக்கு உறையாகப் போட்டாள்.

தொழிலை விடவில்லை. இப்போது யார் துணி கொண்டுவந்தாலும் ஒன்றைச் சொல்லிவிடுகிறாள்: "தைக்கறது நான் தைச்சுடுவேன். ஆவி விடறப்ப மட்டும் நீங்க வந்து கூட உக்காரணும்." சிலர் வேண்டாம் என்பார்கள், அவர்களுக்குப் பொத்தானைத் தொடாமல் தேய்த்துக் கொடுப்பாள். வருகிறவர்கள் மேசையருகே உட்கார்ந்து, ஆவி எழும்போது முன்னால் குனிந்து மூச்சை இழுத்துக்கொள்வார்கள். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வாள்.

போன வாரம் ஒரு கடிகாரக் கடைக்காரர் மனைவியின் உடைகளுக்காக வந்து உட்கார்ந்தார். ஒல்லியான மனிதர். எல்லாம் முடிந்து எழுந்தபோது கண் துடைத்துக்கொண்டு, "வரேம்மா" என்றார். அவள் வாசல் வரை வந்து பார்த்தாள். அவர் படியில் இறங்கும்போது கைப்பிடிக் கம்பி இருக்கிற பக்கத்தை விட்டுவிட்டு, சுவரை ஒட்டி, ஒவ்வொரு படியாக, யாருக்கோ வேகத்தைக் குறைத்துக்கொண்டு இறங்கினார். திருப்பத்தில் ஒரு நிமிடம் நின்றார்.

"பாத்து, இங்க ஒரு படி ஒடஞ்சிருக்கு" என்றார், பக்கத்தில் பார்த்து.