நமீபியாவில் 'ஓடு' என்ற ஒரு சொல்

நேற்று மதியம் ஜெர்மனிக்கு, டுசல்டோர்ஃப் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். காதுக்குள் இன்னும் மணல் இருக்கிறது.

போனது நமீபியாவுக்கு! மூன்று பேர், ஒரு வாடகைக் கார், பத்து நாள், பாலைவனம்.

நானும் செந்திலும் ஒரே ஆபீஸ். அவன் கோயம்புத்தூர், நான் திருநெல்வேலி. (எங்களுக்குள்ளேயே பாதி புரியாது.)

மூன்றாவது ஆள் எங்கள் கீழ்வீட்டுக் குகன் அண்ணை. யாழ்ப்பாணத்துக்காரர், பேக்கரியில் வேலை, வயது ஐம்பத்திரண்டு.

ஜெர்மனியில் விண்ணப்பத்துக்கு ஆன்ட்ராக் என்று பெயர். பதினேழு வருடம் ஆன்ட்ராக் மேல் ஆன்ட்ராக்காக நிரப்பி, போன மாதம்தான் அவருக்கு ஜெர்மன் பாஸ்போர்ட் கிடைத்தது. அதில் முதல் முத்திரை குத்தத்தான் இந்தப் பயணமே.

"எந்த நாடெண்டாலும் பரவாயில்லை. விசா கேக்காத நாடாப் பாருங்கோ" என்றார்.

(அவரிடம் கேட்கவில்லை. எங்கள் இருவரிடமும் கேட்டார்கள். அது தனிக்கதை.)

விண்ட்ஹுக் ஏர்போர்ட்டில் அவர் அரை நிமிடத்தில் வெளியே போய்விட்டார். எங்களுக்கு முக்கால் மணி நேரம் ஆனது. வந்து பார்த்தால் பெட்டிமேல் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பிமார், ஏர்போட்டில நான் ஆக்களுக்காகக் காத்திருந்தது இதுதான் முதல்தரம்!"

அந்தப் பாஸ்போர்ட்டைப் புழுதி படாமல் மூன்று பிளாஸ்டிக் பைக்குள் சுற்றி, டேஷ்போர்டுக்குள் வைத்தார். அரை மணிக்கொரு தரம் திறந்து பார்ப்பார்.

நம் ஊர் மாதிரி இடதுபக்கம் போகும் நாடு என்பதால், ஊரிலேயே கார் ஓட்டிப் பழகிய செந்திலிடம் ஸ்டியரிங்.

சரளை ரோடு. அடிவானம் வரை ஒன்றுமே இல்லை. ஒரு மணி நேரம் பார்த்தால் அழகு. நாலு மணி நேரம் பார்த்தாலும் அதே அழகுதான், வேறொன்றும் வராது.

நாலாம் நாள் காலை, போட்டோ எடுக்கிறேன் பேர்வழி என்று செந்தில் காரை ஓரம் கட்டினான். பின் சக்கரம் இரண்டும் மணலுக்குள் இறங்கிவிட்டன.

நானும் குகன் அண்ணையும் பின்னாலிருந்து தள்ளினோம். அரை மணி நேரப் போராட்டம். கடைசியில் கார் ஒரு குலுக்குக் குலுக்கிக்கொண்டு ரோட்டில் ஏறியது!

குகன் அண்ணை கத்தினார்: "ஓடு தம்பி, ஓடு! நிக்காத, ஓடு!"

செந்தில் கண்ணாடியில் பார்த்தான். எங்களுக்குப் பின்னால், கொஞ்ச தூரத்தில், ஓரிக்ஸ் மான் ஒன்று நின்றது. கொம்பு ஒவ்வொன்றும் ஈட்டி நீளம்.

அவ்வளவுதான். கதவைத் திறந்து குதித்து ஓடினான்!

சொல்ல வெட்கமாக இருக்கிறது, நானும் அவன் பின்னால் ஓடினேன். (ஒரே ஒரு முள்மரம் இருந்தது. அதில் இரண்டு பேர் ஏற முடியாது என்பது பிறகுதான் தெரிந்தது.)

திரும்பிப் பார்த்தால், கார் முதல் கியரில் ஆளில்லாமல் தன்பாட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறது. அதற்குப் பின்னால் குகன் அண்ணை ஓடுகிறார்.

"என்ர பாஸ்போட்! ஐயோ, என்ர பாஸ்போட்!"

ஒரு செருப்பு கழன்று விழுந்தது. அவர் நிற்கவில்லை. திறந்திருந்த கதவைப் பிடித்துத் தொங்கி, உள்ளே விழுந்து, பிரேக்கை மிதித்தார்.

மான் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுப் புல் மேயப் போய்விட்டது.

செந்தில் மூச்சு வாங்கிக்கொண்டு கேட்டான்: "ஏனுங்கண்ணா, நீங்கதான ஓடு ஓடுன்னு கத்துனீங்க?"

"நான் காரையெல்லோ ஓடச் சொன்னனான்! உன்னை ஆர் ஓடச் சொன்னது?"

"காரை ஓட்டுன்னு சொல்லோணுங்கண்ணா!"

"எங்கட ஊரில காரை ஓடுறதுதான். ஓடுறதுக்கு வேற என்னெண்டு சொல்லுறது?"

அங்கேயே ஒரு முடிவுக்கு வந்தோம். இனி ஆபத்தான நேரத்தில் தமிழ் பேசக்கூடாது. கார் போக வேண்டும் என்றால் 'ஃபாரன்'. மனிதன் ஓட வேண்டும் என்றால் 'லாவ்ஃபன்'. மூன்று தமிழர்கள் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் ஜெர்மனில் கத்திக்கொண்டு மீதி ஆறு நாளையும் முடித்தோம். ஒரு பிரச்சினையும் வரவில்லை.

கார் தனியாகப் போன அந்த நாலாம் நாள் சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது செந்தில் தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"காருக்கு இன்சூரன்ஸ் இருக்குதுங்கண்ணா. பின்னாடி அந்த மான் வேற. எந்தத் தைரியத்துல அப்படி ஓடுனீங்க?"

குகன் அண்ணை தேநீரை ஊதிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"மான் குத்தினா ஆஸ்பத்திரியில தைச்சு விடுவினம், தம்பி. பாஸ்போட் துலைஞ்சா திரும்ப ஆன்ட்ராக் நிரப்ப வேணும். அது இனி என்னால ஏலாது."